நகலோடு வந்த டிக்

ஓஹாயோவின் அந்தச் சிற்றூர்ப் பள்ளி நூலகத்தில் நீள மேசை போட்டு, பள்ளி வாரியத்தார் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உதவி முதல்வர் ட்ரூடி ஹாஸ்கெட் அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தாள். மாணவி ஜோலின் விக்கரின் பையில் கத்தி பிடிபட்டிருந்தது. அவளை ஒரு வருடம் பள்ளியை விட்டு நீக்குவதா என்பது இன்று முடிவாகிவிடும். கத்தி இருந்தது உண்மைதான். ஆனால் அன்று அந்தப் பெண்ணிடம் 'ஏன்' என்று ட்ரூடி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் கையெழுத்துப் போட்ட நடவடிக்கைப் படிவம் வேறு விதமாகச் சொன்னது. 'மாணவியின் விளக்கம் கேட்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? எந்தக் காலத்திலோ யாரோ டிக் போட்ட படிவத்தையே நகலெடுத்து, அதிலிருந்து இன்னும் நகலெடுத்து அலுவலகத்தில் கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். ட்ரூடி ஒன்பது வருடமாகக் கையெழுத்து மட்டும் போட்டு வந்தாள். அவசரத்துக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஜோலினின் அம்மா எழுந்தாள். "இது என் மகளோட படிவம். இது ரெண்டு வருஷம் முன்னாடி என் பையனைச் சஸ்பெண்ட் பண்ணப்போ குடுத்தது. ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துல பாருங்க. டிக்கோட வாலு கூட இம்மி பிசகல. மேடம் கை என்ன ரப்பர் ஸ்டாம்பா?"

யாரோ சிரித்தார்கள். வாரியத்தின் வக்கீல் ட்ரூடியின் காதருகே குனிந்தார்.

"ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க. கேக்கலன்னு சொன்னீங்கன்னா வாரியத்து மேல கேஸ் வரும், உங்க வேலையும் போயிடும்."

ட்ரூடி படிவத்தையே பார்த்தாள்.

"நான் கேக்கல," என்றாள். வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா ஜோலின், இப்ப நாங்க கேக்கறோம். சொல்லு."

"சனிக்கிழமை ஏரிக்குப் போனப்போ அப்பா மீன் வெட்டுற கத்திய என் பையில போட்டுட்டாரு. பஸ்லதான் பாத்தேன். குடுத்துடலாம்னு நேரா மேடம் ரூமுக்கு வந்தேன். மேடம் போன்ல இருக்காங்க, வெளிய உக்காருன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

அந்தப் போன், ஜோலின் பையில் கத்தி இருக்கிறது என்று சொல்ல பஸ் டிரைவர் செய்தது. ட்ரூடிக்கு இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. பதறிக்கொண்டு அவள் கதவைத் திறந்தபோது, அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள். ட்ரூடியைக் கண்டதும் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வாய மூடு" என்று சொன்னது ட்ரூடிதான்.