கையில் ஏந்திய திரை

வீட்டில் அவளுக்குப் பெயர் படபடா. பேச்சு வேகத்துக்காகப் பிறந்த வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. பிற்பாடு விரல் வேகமும் அதே பெயருக்குள் வந்து சேர்ந்துகொண்டது. காது கேட்காதவர்கள் கலந்துகொள்ளும் கூட்டங்களில், பேசுகிறவர் வாயிலிருந்து சொல் வெளியே வந்த கையோடு அதைத் திரையில் எழுத்தாக்கித் தருவது அவள் தொழில். வேகத்துக்காக அவளே உருவாக்கிக்கொண்ட சுருக்கங்கள் ஏராளம். 'பொம' என்று தட்டினால் 'பொதுமக்கள்' என்று விரியும். 'நடமே' என்றால் 'நடைமேம்பாலம்'. இப்படிச் சுருக்கங்களை விரித்துக் கொடுக்கும் மென்பொருள் ஒன்று அவளுடைய பழைய லேப்டாப்பில் இருந்தது. வேறு எதிலும் அது ஓடாது. அதனால்தான் அந்தக் கனத்தை வருஷக்கணக்காகத் தோளில் சுமந்தாள்.

"அண்ணி, இது லேப்டாப்பா செங்கல் சூளையா?" என்பாள் நாத்தனார். வீட்டிலிருந்தபடியே வலைப்பக்கங்களுக்கு நிரல் எழுதுகிறவள் அவள். "கனம் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம்."

"குளிருக்கு நல்லதுதான்" என்று படபடா சமாளிப்பாள்.

அந்த லேப்டாப்பின் இயங்குதளத்துக்கு வயதாகிவிட்டது. இனிமேல் இதற்கு ஆதரவு கிடையாது என்று திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. அவளும் அதை மூடிக்கொண்டே இருந்தாள். வேலை நடக்கிறதே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டாள்.

நடைமேம்பாலக் கூட்டத்தன்றுதான் அது பழிவாங்கியது.

ரயில் பாதையைக் கடக்க ஒரு நடைமேம்பாலம் வேண்டும் என்பது அந்தப் பகுதியின் நீண்டநாள் கோரிக்கை. வரைபடம் போட்ட பொறியாளருக்கு நடுவயதில் ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. பேசுவார், கணீரென்று பேசுவார். ஆனால் எதிராளி பேசுவதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் படபடாவை அழைத்திருந்தார்கள். பெரிய திரையில் அவளுடைய எழுத்துகள் ஓட, அவர் படித்துப் படித்துப் பதில் சொன்னார். பாதிவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் எழுந்தார். வாட்டசாட்டமான மனிதர், மைக் இல்லாமலே அவர் குரல் தெருமுனை வரை போகும். அவர் வாயைத் திறந்த நேரத்தில் திரை நீலமாகிவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. 'பிழை ஏற்பட்டது. மீண்டும் தொடங்குகிறது. அணைக்க வேண்டாம்.'

படபடாவின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. எதை அழுத்தினாலும் வட்டம் தன் பாட்டுக்குச் சுற்றியது.

தலைவர் அதைக் கவனிக்கவில்லை. "இருட்டினப்புறம் பொம்பளைங்க அந்தப் பாலத்துல தனியா எப்படி நடப்பாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டார்.

பொறியாளர் அவர் உதட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி உதட்டைப் பார்த்தார். கடைசியில் குத்துமதிப்பாக, "ரெண்டு பக்கமும் வடிகால் இருக்கு. தண்ணி நிக்காது" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பரவியது. நகராட்சி அதிகாரி மேசையைத் தட்டி, "சரி, அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

நாற்காலிகள் நகரும் சந்தடியில் பொறியாளர் அவளிடம் குனிந்து, "அவங்க எதுக்கும்மா சிரிச்சாங்க?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவள் ஒரு தாளை எடுத்து நடந்ததை எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தலையசைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மேசையில் தொப்பென்று வைத்தாள். "இனிமே இதைத் தூக்க மாட்டேன்."

மறுநாளே கடைக்குப் போய்ப் புது லேப்டாப் ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். உள்ளே விசிறி கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. வேண்டுமென்றால் திரை தனியாகக் கழன்று வரும். கீபோர்டு கம்பியில்லாமல் தூரத்திலிருந்தும் வேலை செய்யும். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஒரு பகல் முழுக்க ஓடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல வெறும் பிரவுசர்தான் ஓடுமாமே? உன் மென்பொருளை எங்க போடுவ?"

அந்த ஒரு விஷயம்தான் இடித்தது. அந்த இயங்குதளத்தில் எல்லாமே பிரவுசர் வழியாகத்தான். அவளுடைய பழைய மென்பொருளுக்கு அங்கே இடமில்லை.

"அது எதுக்கு?" என்றாள் நாத்தனார், வாயில் பிஸ்கட்டோடு. "அந்த வேலையை ஒரு வலைப்பக்கமே செய்யும். நான் எழுதித் தரேன். உங்க சுருக்கத்தையெல்லாம் என்கிட்ட கொடுங்க."

"நெட் போச்சுன்னா?"

"பக்கத்தை ஒரு தடவை திறந்தா போதும் அண்ணி. அது மெஷினுக்குள்ளேயே உக்காந்துக்கும். அப்புறம் நெட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

சொல்வது சுலபமாக இருந்தது. முதல் நாள் சோதனையில் படபடா உற்சாகமாக 'பொம' என்று தட்டினாள். திரையில் 'பபொதுமக்கள்' என்று வந்தது. 'நடமே' தட்டினாள். 'நநடைமேம்பாலம்' என்று வந்தது.

கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, பொதுமக்கள் குளிர்ல நடுங்குறாங்களா?" என்றார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நாத்தனார் அதோடு மல்லுக்கு நின்றாள். சிலது நடுங்கின, சிலது நடுங்கவில்லை. 'கட' என்றால் 'கடல்', 'மர' என்றால் 'மரம்', இவையெல்லாம் ஒழுங்காக வந்தன. இரண்டு நாள் கழித்து அவளுக்குப் பிடிபட்டது. 'பொ' என்பது நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது 'ப' தனி, அதன் மேல் ஏறும் ஒகரக் குறி தனி. சுருக்கத்தை அழித்துவிட்டு முழுச்சொல்லைப் போடும்போது பக்கம் நம் கணக்கில் எண்ணியது, கணினியோ தன் கணக்கில் அழித்தது. ஒரு துண்டு குறைவாக அழிந்து, முதல் எழுத்து மிச்சமாக நின்றுவிட்டது.

"இப்ப வர்ற பிரவுசருக்கு நம்ம எழுத்தை நம்ம மாதிரியே எண்ணத் தெரியுது அண்ணி. முன்னாடி ஒண்ணுக்குத் தெரியும், இன்னொண்ணுக்குத் தெரியாது. இப்பத்தான் எல்லாத்துக்கும் வந்திருக்கு. நான்தான் பழைய பழக்கத்துல அழிக்கிற இடத்துல மட்டும் வேற வழியில போயிட்டேன்." பேசிக்கொண்டே திருத்தினாள். "இப்ப அடிங்க."

'பொம.' திரையில் 'பொதுமக்கள்' என்று சுத்தமாக வந்து நின்றது. படபடா எழுந்து நாத்தனாரின் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

அதன் பிறகும் தொல்லை தீர்ந்தபாடில்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து தட்டினால் பக்கம் நொண்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு விசைக்கும் அதுவரை எழுதியதை எல்லாம் அது முதலிலிருந்து வரைந்துகொண்டிருந்ததுதான் காரணம். கடைசிச் சில வரிகளை மட்டும் திரையில் வைத்து, மிச்சத்தைச் சேமிப்புக்கு அனுப்பும்படி நாத்தனார் மாற்றினாள். வானொலிச் செய்தி, கிரிக்கெட் வர்ணனை, பக்கத்து வீட்டுத் தம்பதியின் சண்டை என்று காதில் விழுந்ததையெல்லாம் அடித்துப் பழகினாள் படபடா. சண்டைதான் நல்ல பயிற்சி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பொறியாளர் வேறு ஆளைத்தான் கூப்பிடுவார் என்று நினைத்திருந்தாள். அவளுக்குத்தான் செய்தி வந்தது. 'நீங்கள் வருவீர்கள் அல்லவா?' என்று மட்டும் கேட்டிருந்தார். 'வருவேன்' என்று பதில் அனுப்பினாள். அனுப்பிய கையோடு வானொலியைப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்துப் பழக உட்கார்ந்தாள்.

மண்டபம் போன தடவையைவிட நிரம்பியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள் என்பது முகங்களிலேயே தெரிந்தது. கைப்பையிலிருந்து அவள் அந்த மெல்லிய லேப்டாப்பை எடுத்தபோது, முன்வரிசையில் ஒருவர், "இதுல என்ன வரப்போகுது?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. தன் தொழில் தர்மப்படி அதையும் அடித்தாள். பெரிய திரையில் 'இதுல என்ன வரப்போகுது?' என்று வந்ததும் அந்த ஆள் கப்சிப் என்று ஆகிவிட்டார்.

பொறியாளர் வரைபடத்தை விளக்கி முடித்து, கேள்விகள் தொடங்கும் நேரம். பட்டென்று மின்சாரம் போனது.

பெரிய திரை அணைந்தது. மைக் செத்தது. மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றி நின்றன. "போச்சுடா, இன்னைக்கும் அவ்வளவுதான்" என்றது ஒரு குரல். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

படபடா தன் திரையைப் பார்த்தாள். இணையம் இல்லை என்று ஒரு சின்னக் குறி மூலையில் தெரிந்தது. மற்றபடி பக்கம் அப்படியே இருந்தது. 'போச்சுடா, இன்னைக்கும் அவ்வளவுதான்' என்ற வரியும் அதில் இருந்தது. அவள் விரல்கள் நிற்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

திரையைக் கீபோர்டிலிருந்து டக்கென்று கழற்றிப் பொறியாளரின் கையில் கொடுத்தாள்.

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. கையில் வாங்கிப் பார்த்தார். 'ஐயா, நீங்கள் இதோடு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். நான் இங்கிருந்தே அடிக்கிறேன்' என்று அதில் ஓடியது. அவர் முகம் மலர்ந்தது.

"ஜன்னலைத் திறந்து விடுங்க" என்றார் சபையைப் பார்த்து. "கூட்டம் நடக்கட்டும்."

ஜன்னல்கள் திறந்தன, பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. விசிறிகளின் இரைச்சல் நின்றுபோனதில் கடைசி வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. மண்டபத்தின் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் கீபோர்டோடு உட்கார்ந்தாள் படபடா. பொறியாளர் திரையை ஒரு புத்தகம்போல ஏந்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்.

தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர் முதலில் எழுந்தார். "சரிவுப் பாதை இருக்குன்னு சொல்றீங்க. வண்டியைத் தள்ளி ஏத்திடலாம் சார். இறங்கும்போது நான் வண்டியைப் பிடிக்கணுமா, இல்ல வண்டி என்னைப் பிடிக்குமா?"

மண்டபம் குலுங்கியது. சிரிப்பு எழுந்து அடங்குவதற்குள் பொறியாளரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரோடும், அதே சிரிப்புக்கு. அதைப் பார்த்து ஜனம் இன்னொரு தடவை சிரித்தது. படபடாவுக்குக் கண் மங்கியது, விரல் மங்கவில்லை.

"வண்டி உங்களைப் பிடிக்காது" என்றார் பொறியாளர், பழக்காரர் அருகில் போய். "கொஞ்ச தூரத்துக்கு ஒரு சமதளம் வருது. அங்க நிறுத்தி மூச்சு வாங்கலாம், வியாபாரமும் பண்ணலாம்."

"வியாபாரத்துக்கு அனுமதி இல்லை!" என்று பதறினார் அதிகாரி. அதுவும் திரையில் வந்தது. பொறியாளர் அதைப் படித்துக் காட்டினார். மறுபடி சிரிப்பு.

அப்புறம் கேள்விகள் மளமளவென்று வந்தன. சக்கர நாற்காலியில் வந்திருந்த ஓர் அம்மா, பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துப்போகும் ஒரு தகப்பன், முழங்கால் வலிக்காரர் ஒருவர். கேட்கிறவரிடமே நடந்து போனார் பொறியாளர். தாங்கள் பேசுவது அவர் கையில் அப்படியே எழுத்தாக ஓடுவதைப் பார்த்து, அவர்கள் ஒரு கணம் கேள்வியையே மறந்தார்கள்.

கடைசியாகச் சங்கத் தலைவர் எழுந்தார். அவர் இம்முறை குரலை உயர்த்தவில்லை. பொறியாளர் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தார்.

"இருட்டினப்புறம் பொம்பளைங்க தனியா எப்படி நடப்பாங்க?"

பொறியாளர் படித்தார். நிமிர்ந்தார். "பாலத்துல திருப்பமே கிடையாது. இந்த முனையில நின்னா அந்த முனை தெரியும். ரெண்டு பக்கமும் சுவர் இல்லை, கம்பி வலைதான். கீழ தெருவுல நிக்கிறவங்களுக்கு மேல நடக்கிறவங்களைத் தெரியும். விளக்கு ஒண்ணு அணைஞ்சா அடுத்தது தானா எரியும். என் பொண்ணு வேலை முடிஞ்சு அந்த வழியாத்தான் வருவா. அவளை மனசுல வச்சுத்தான் வரைஞ்சேன்."

தலைவர் திரும்பித் தன் சங்கத்து ஆட்களைப் பார்த்தார். பிறகு, "நான் கேட்டதுக்குப் பதில் வந்துடுச்சு" என்று சொல்லி, பாலத்துக்குச் சம்மதமாகக் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் கைகள் வரிசை வரிசையாக எழுந்தன. எதிர்த்துத் தூக்க ஒருவரும் இல்லை. அதிகாரி ஒப்புதல் கையெழுத்தை அங்கேயே போட்டார், ஜன்னலோரம் நின்று.

வெளியே வந்ததும் படபடா நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"என்ன அண்ணி, ஓடிச்சா?"

"ஓடிச்சாவா? கரண்டே இல்லாம ஓடிச்சுடி! நெட்டும் இல்லை. ஒரு எழுத்து சிதறலை."

மறுமுனையில் ஒரு கத்தல். பின்னணியில் கணவர் குரல், "பாஸா?" என்று கேட்டது.

"சொல்லு உங்க அண்ணன்கிட்ட, பொதுமக்கள் யாரும் நடுங்கலைன்னு" என்று சொல்ல வந்தவள், பின்னால் யாரோ தோளைத் தொட்டதும் திரும்பினாள். சக்கர நாற்காலி அம்மா. கூடவே கல்லூரி வயதில் ஒரு பெண். அந்தப் பெண் படபடாவின் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணுக்கும் காது கேக்காது. கிளாஸ்ல பாதி புரியாம வந்துடறா. நீங்க அவ கிளாஸுக்கு வருவீங்களா?"

படபடா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அந்தப் பெண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாக உதடசைத்தாள்.

"எந்தப் பாடம் முதல்ல?"