சரி என்று அழுத்தியவர்

"பாப்பா பிறந்ததும் போட்டோவெல்லாம் ஒரு ஆல்பத்துல போடுவேன்ப்பா. இந்தக் கம்ப்யூட்டர்லயே திறந்து வச்சிட்டேன். மெயில்ல வர்ற லிங்கைத் தொட்டா போதும்."

"நான் பாப்பேன்னு உனக்கு யார் சொன்னா?"

"பாக்காதீங்க. நான் போடறதைப் போடறேன்."

நிறைமாத வயிற்றோடு கடைக்கு வந்து நின்ற மகளிடம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பேசியது இவ்வளவுதான். கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாளே என்ற கோபத்தில், உட்காரம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

ஆனால் பார்த்தார். தினமும் கடை திறந்ததும், பிரேம்களைத் தூசு தட்டுவதற்கு முன்பே பார்த்தார். முதல் பல், சுவரைப் பிடித்து நின்ற முதல் நாள், எதையும் விடவில்லை. 'ஒரு தடவை பாப்பாவைக் காட்டேன்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வரும், திரும்பிவிடும்.

ஒருநாள் லிங்கைத் தொட்டதும் கடவுச்சொல் கேட்டது. முகத்தில் கதவைச் சாத்தியது போலிருந்தது. தான் ஒரு வார்த்தையும் பேசாததால், பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் பூட்டிவிட்டாள் என்று நினைத்தார். அதன்பிறகும் மெயில் வந்தபோது, ஆசைகாட்டி மோசம் செய்கிறாள் என்று அதையும் தொடுவதை விட்டார். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இன்று மத்தியானம் மகள் தனியாக வந்து நின்றாள். ஆபீஸ் வேலையாக இந்தப் பக்கம் வந்தாளாம்.

"கண்ணாடிக் கால் கழண்டுடுச்சுப்பா."

"ஏன், வேற கடையே இல்லையா?"

"இருக்கு. அங்கல்லாம் காசு கேப்பாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்க்ரூ தேடினார். "உக்காரு" என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் மெல்லக் கேட்டாள். "பாக்கறதை ஏன்ப்பா நிறுத்திட்டீங்க? யார் பாத்தாங்கன்னு ஆல்பம் எனக்குக் காட்டும்."

"நீதானே பூட்டின?"

"நானா?" லிங்கைத் தொட்டாள். கடவுச்சொல் கேட்டது. திரையின் மூலையில் இருந்த படத்தைக் கவனித்தாள். "அப்பா, இது வேற பிரவுசர். நான் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து வச்சது பழையதுல. இது புதுசா வந்த வேலையாள் மாதிரி. உங்களைத் தெரியாது, அதான் யாருன்னு கேக்குது. எல்லா லிங்கும் இதுலயே திறக்கட்டும்னு யார் மாத்தினா?"

அவருக்கு நினைவு வந்தது. லென்ஸ் ஆர்டர் போடும்போது நடுவில் ஏதோ ஒரு கேள்வி வந்து திரையை மறைத்தது. தொல்லை விட்டால் போதுமென்று 'சரி' அழுத்தியிருந்தார்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?"

"நீயும்தான் கேட்டிருக்கலாம்."

"நான் உங்க பொண்ணாச்சே."

அவள் செட்டிங்ஸில் நுழைந்து பழைய பிரவுசரையே மறுபடி தேர்ந்தெடுத்து வைத்தாள். லிங்கைத் தொட்டதும் ஆல்பம் அப்படியே விரிந்தது. மண்ணில் விளையாடுகிற பாப்பா, காய்ச்சலில் துவண்டு கிடக்கிற பாப்பா, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற பாப்பா. எல்லாம் அவர் பார்க்காதவை.

"தத்தித் தத்தி நடந்ததையே நான் பாக்கலையே" என்றார். "நிக்கிறதைப் பாத்தேன். அப்புறம் இப்ப பள்ளிக்கூடம் போகுது."

அவர் ஸ்க்ரூவை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். கண்ணாடியை அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வாம்மா. நான் தூக்கிப் பாக்கணும்."