கார்குழலியின் குழல்

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. லாஸ்பேட்டையில் நான் மாடியில் குடியிருக்கிறேன். காவலர் கார்குழலி கீழ்வீட்டில். ஒரு சாயங்காலம் அவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"பேரல் போச்சுக்கா. யாரும் நம்ப மாட்றாங்க."

நான் தண்ணீர் பிடிக்கும் பேரலை நினைத்துக்கொண்டேன்; அவள் சொன்னது துப்பாக்கிக் குழலை. அந்த அறிவோடுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'கடற்கரைச் சாலைப் பாறைகளில் அலை மோதும் ஓசை, துப்பாக்கி வெடிப்பதைப் போல…'

படித்துக் காட்டினேன். "நாங்க சுடற ரேஞ்சுல கடலே தெரியாதுக்கா. முள்ளுக்காடும் மண்மேடுந்தான்" என்றாள். அடித்துவிட்டேன்.

2

ஆகவே நேராகவே சொல்கிறேன். கார்குழலி ஆயுதப் பிரிவில் இருப்பவள். (பெயரில் குழல் இருப்பது என் கைவேலை இல்லை. பெயர் வைத்தவர் மில்லில் வேலை பார்த்த அவள் அப்பா.) வருடாந்தரச் சுடும் தேர்வில் அவள் குண்டுகள் இலக்கெங்கும் சிதறின. இன்னொரு முறை தவறினால் பிரிவிலிருந்து எடுத்து, தபால் பதியும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். துப்பாக்கி ஏந்துவதற்கென்றே இந்த வேலைக்கு வந்தவள் அவள்.

துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஏட்டு கோவிந்தசாமியிடம் போனாள்.

"சார், இதுல பேரல் தேஞ்சிருக்கு."

"இது பிஸ்டன் துப்பாக்கிம்மா. புதுசா வந்திருக்கே, அதாட்டம் கேஸ் நேரா உள்ள ஊதாது. கரி சேராது. பேரல் எப்டித் தேயும்?"

"கரி சேராதது போல்ட்டுல சார். குண்டு போற வழி ரெண்டுலயும் ஒண்ணுதானே? நெருப்பு அதத் தின்னாமயா இருக்கும்?"

"சுடத் தெரியலன்னா துப்பாக்கியக் குத்தம் சொல்லுவியா?"

* என்னைப்போல விவரமில்லாத வாசகருக்கு: குண்டு வெடித்ததும் கொஞ்சம் வாயு குழலிலிருந்து பிரிந்து, அடுத்த குண்டை ஏற்றும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒரு வகையில் வாயுவே மெல்லிய குழாய் வழியாக வந்து தள்ளும். கரியும் கூடவே வரும். பிஸ்டன் வகையில் வாயு ஒரு தண்டை இடிக்கும், தண்டு போல்ட்டை இடிக்கும், உள்ளே சுத்தம். (இங்கே குக்கர் விசில் உவமை ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன்.) ஆனால் குழல் தேய்வது பெரும்பாலும் எத்தனை குண்டு, எவ்வளவு ஆறவிடாமல் சுட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

3

முதல் பிரதியில் கோவிந்தசாமிக்கு முறுக்கு மீசை கொடுத்திருந்தேன்.

"அவரு அப்டி இல்லக்கா. துப்பாக்கிங்கள புள்ளயாட்டம் பாத்துப்பாரு. அதான் கோவம் வருது."

மீசையை எடுத்தேன். கோபத்தை விட்டுவைத்தேன்.

கார்குழலி விடவில்லை. ஏட்டை வைத்துக்கொண்டே இன்ஸ்பெக்டர் ஹேமலதாவிடம் சொன்னாள்: "இதுல சாரே சுடட்டும் மேடம். குண்டெல்லாம் ஒரே இடத்துல விழுந்தா, நானே மேசைக்குப் போயிடுறேன்."

ஒரு காலத்தில் பதக்கம் வாங்கியவர் கோவிந்தசாமி. படுத்தார், நிதானமாகச் சுட்டார். ஒன்று மேலே, ஒன்று ஓரத்தில், ஒன்று இலக்கிலேயே இல்லை. எழுந்து குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பயிற்சிக்கு வந்தவன் எல்லாம் இதுலதான் சுட்டான், ஆறவே விடாம. குண்டச் சுழட்டிவிடுற உள்வரி மழுங்கிப்போச்சு மேடம். இந்தப் பொண்ணு சொன்னது சரி."

அந்தக் குழலைக் கழித்துக்கட்டினார்கள். 'உண்மை வென்றது. கார்குழலி நிமிர்ந்து…' என்று முடிக்கப் போனேன். கதை முடியவில்லை.

4

நல்ல துப்பாக்கி ஒன்றை ஏட்டே எடுத்துக் கொடுத்தார். சுட்டாள். சிதறல் குறைந்தது, தேர்வுக்குப் போதவில்லை. இப்போது சாக்குச் சொல்லத் துப்பாக்கியும் இல்லை.

"வெடிக்கிறப்பவே தலையத் தூக்குற" என்றார் கோவிந்தசாமி. "எங்க போச்சுன்னு பாக்குற."

"அந்தத் துப்பாக்கில பாத்துப் பாத்து அப்டியே ஆயிடுச்சு சார்."

"அது ஏமாத்திச்சு. இது ஏமாத்தாது. கன்னத்த எடுக்காத."

அன்றிலிருந்து தினமும் கூடத்தில் பாய் விரித்து, ஒரு கட்டையில் கன்னம் பதித்துப் படுத்துக்கிடக்கிறாள். கணவர் சிலம்பரசன் தண்ணீர்க்குடத்தோடு அவளைத் தாண்டித் தாண்டிப் போகிறார். அவள் கண் இமைப்பதில்லை.

தேர்வு வருகிற திங்கட்கிழமை.

5

இரண்டு முடிவு எழுதினேன்.

(அ) எல்லாக் குண்டும் நடுவில். ஏட்டு கைதட்டுகிறார்.

(ஆ) ஒரு குண்டில் தவறுகிறது. மேசையில் உட்கார்ந்து தபால் முத்திரையை ஓங்கிக் குத்து…

இரண்டையும் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் இன்னும் சுடாத குண்ட நீ எப்டிக்கா எழுதுவ? எடுத்துடு. திங்கக்கெழம நான் சுட்டுக்கறேன்."

இறங்கிப் போய்ப் பாயை விரித்தாள்.

எடுத்துவிட்டேன். பத்திரிகைக்கு இன்றே அனுப்பியாக வேண்டும். ஆகவே இதற்குக் கீழே உள்ள வெற்றிடம் உங்களுடையது. அவள் தோற்பதாக எழுத நினைப்பவர்கள் மட்டும், முதலில் லாஸ்பேட்டைக்கு வந்து, கீழ்வீட்டுக் கதவைத் தட்டி அவளிடமே சொல்லிவிட்டு எழுதுங்கள்.