ரொக்கம் கடனாளியான கதை

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் ரொக்கம் என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடிப் பள்ளத்துக்கு மேலே லிஃப்ட் கூரையில் நின்றுகொண்டு விசிலடித்தபடியே நட்டு முடுக்குவார். யாருக்காவது ஒரு டீக் காசு பாக்கி என்றால் மட்டும் ராத்திரி தூக்கம் வராது. பக்கத்து வீட்டில் நான் ஒரு கப் சர்க்கரை கைமாற்றாக வாங்கினால், அது டப்பாவில் விழுவதற்குள் இவர் கடைக்கு ஓடி, ஒரு கிலோ வாங்கி அவர்கள் கையில் திணித்துவிட்டு வந்துவிடுவார்.

"ஒரு கப்புதானேங்க வாங்கினேன்?"

"மீதி அவங்ககிட்ட இருக்கட்டும். நம்மகிட்ட இருந்தாதான் தப்பு."

இப்படிப்பட்ட மனுஷனைக் கட்டிக்கொண்ட எனக்குத்தான் கடன் தேவைப்பட்டது. நான் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். என் ஓவனில் ஒரு நேரத்துக்கு ஒரு கேக்தான் வேகும். அதுவும் இடது பக்கம் கருகும், வலது பக்கம் பச்சையாகவே இருக்கும். பாதியில் கதவைத் திறந்து திருப்பி வைக்க வேண்டும், குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது போல. பெரிய ஆர்டர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

தெருமுனை பேக்கரி அண்ணன் கடையை மூடப் போவதாகச் சொன்னார். அவருடைய இரண்டடுக்கு ஓவனை எனக்கே தருவதாகவும் சொன்னார்.

"வருஷக் கடைசி வரைக்கும் வச்சிருப்பேம்மா. அதுக்குள்ள நீ எடுக்கலைன்னா பழைய இரும்புக்காரனுக்குத்தான். கடையக் காலி பண்ணியாகணும்."

அந்த ஓவனைச் சம்மட்டியால் உடைப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. எங்கள் சேமிப்போ பாதி விலைக்குக்கூட எட்டவில்லை.

பேங்குக்குப் போனோம். இவர் இஸ்திரி போட்ட சட்டையில், நன்னடத்தைப் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கடன் பிரிவில் இருந்த பெண் எதையும் கேட்பதற்கு முன்பே, "நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சல்லிக்காசு கடன் வாங்கினதில்ல மேடம்" என்றார்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அதான் சார் பிரச்சனை" என்றாள்.

"என்னது?"

"வாங்கியிருந்தாதானே திருப்பிக் கட்டுற ஆளான்னு தெரியும்? உங்களுக்கு ஸ்கோரே இல்ல சார்."

"கெட்ட ஸ்கோரா?"

"கெட்டதா இருந்தாக்கூட ஏதாவது பேசிப் பாக்கலாம். உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே."

அவளே ஒரு வழியும் சொன்னாள். பேங்கில் கொஞ்சம் பணம் டெபாசிட் போட வேண்டும். அதை வைத்து ஒரு சின்ன கிரெடிட் கார்டு தருவார்கள். அதில் சாமான் வாங்கி, மாசாமாசம் பில் வந்ததும் கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் ஸ்கோர் வந்துவிடும்.

"என் காசையே உங்ககிட்ட குடுத்துட்டு, அதையே நான் கடனா வாங்கணுமா?"

"ஆமா சார்."

"அப்ப யாரு யாருக்குக் கடன்காரன்?"

அவள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

கார்டு வந்தது. இவர் அதைத் தேய்த்து ஒரு சோப்பு வாங்கினார். கடைப் படியை இறங்குவதற்குள் போனை எடுத்து அந்தப் பணத்தைக் கார்டுக்குக் கட்டிவிட்டார். போனில் பணம் கட்டக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் மகள். பின்னால் அதற்காக நொந்துகொண்டாள். எண்ணெய் வாங்கினார், கட்டினார். பல்பு வாங்கினார், கட்டினார். ஒரு முறை வாங்குவதற்கு முன்னாலேயே கட்டிவிட்டார். பேங்க் அவருக்குப் பாக்கி வைத்திருந்த அந்த ஒரு நாள்தான் மனுஷன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அரை வருஷம் கழித்துத் தலைநிமிர்ந்து பேங்குக்குப் போனோம்.

"சார், மாசாமாசம் உங்க பில் பூஜ்யம். நீங்க கார்டையே தொடலைன்னு பதிவாகியிருக்கு."

"நான் ஒரு நாள்கூட லேட்டாக் கட்டலையே!"

"லேட்டா கட்ட வேண்டாம் சார். பில் வர்ற வரைக்குமாவது கடன்ல இருங்களேன்!" என்று அந்தப் பெண் கும்பிடாத குறையாகக் கேட்டாள்.

வெளியே வந்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க யோக்கியத்துக்கு என் ஓவன்தான் கெடைச்சுதா? அரை வருஷம் போச்சு!" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவர் பேங்க் படியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னார்.

"எங்கப்பா ஊரெல்லாம் கடன் வச்சிருந்தாரு. யாராவது கதவத் தட்டினா பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்குவாரு. நான்தான் வாசல்ல நின்னு, அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லணும். ஒரு நாள் ஒருத்தர் என் தலையத் தடவி, சரிப்பா, வந்தா சொல்லுன்னாரு. உள்ள அப்பா இருமிட்டாரு. எங்க ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு. அந்த மனுஷன் ஒண்ணுமே சொல்லாமப் போனாரு."

என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஓவன் ஆசை போகவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். "சரி, கடன்ல இருந்து பாக்குறேன்" என்றார்.

மகள் அவருடைய போனிலிருந்து பேங்க் செயலியைப் பிடுங்கினாள். நான் கார்டில் ஒரு கிலோ வெண்ணெய் வாங்கினேன். அன்றிலிருந்து பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி, "பில் வந்துச்சா?" என்று காலையும் மாலையும் கேட்டார். பேங்க் இருக்கும் தெருவை விட்டுவிட்டு ஊரைச் சுற்றி வேலைக்குப் போனார். "அப்பா, நீங்க பேங்கைக் கொள்ளையடிக்கல. வெண்ணெய்தான் வாங்கியிருக்கீங்க" என்று மகள் தேற்றினாள். அந்த வெண்ணெயில் செய்த கேக்கை அவர் வாயில் வைக்கவில்லை. "இன்னும் நம்மளுது ஆகல" என்றார்.

இப்படியே மாதங்களைத் தள்ளினோம். வருஷம் முடியும் தறுவாயில் ஸ்கோர் வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட மூன்று இலக்க மார்க்கைக் கண்ணால் பார்க்காதவர், அதைத் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பேங்குப் பெண்ணும் மகிழ்ந்துபோனாள். "வெள்ளிக்கிழமை விலாசம் சரிபார்க்க ஒருத்தர் வீட்டுக்கு வருவாரு. சார் நேர்ல இருக்கணும், அவ்வளவுதான். இல்லைன்னா ஃபைல் திரும்பிடும்" என்றாள். சனிக்கிழமை பேக்கரி அண்ணன் கடைச் சாவியை ஒப்படைக்கிறார்.

வெள்ளிக்கிழமை இவர் லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் கதவு தட்டும் சத்தம். என் இரண்டு கையிலும் மாவு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர், கையில் ஃபைலோடு நின்ற ஆளைக் கண்டதும் சரக்கென்று திரும்பினார். அடுத்த நொடி ஆளைக் காணோம். பாத்ரூம் தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளேயிருந்து கிசுகிசுப்பாகக் குரல்: "வீட்ல இல்லைன்னு சொல்லு."

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லியது. அதற்குள் மகள் கதவைத் திறந்துவிட்டாள்.

"சார் இருக்காராம்மா? நேர்ல பாக்கணும். இல்லைன்னா இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவேன்."

மகள் என்னைப் பார்த்தாள். பாத்ரூம் கதவைப் பார்த்தாள்.

"அப்பா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. முகமெல்லாம் ஈரம், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. நேராக வாசலுக்குப் போய், மகளின் தோளைப் பிடித்து மெல்லத் தனக்குப் பின்னால் நிறுத்தினார்.

"நான்தான். வீட்லதான் இருக்கேன்."

வந்தவர் பேனாவால் ஒரு கோடு கிழித்தார். "சரி சார், அவ்வளவுதான். நாளைக்குப் பணம் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவரோ படி வரைக்கும் அந்த ஆளின் பின்னாலேயே போனார்.

"தம்பி, நாளைக்கும் இருப்பேன். எப்ப வேணாலும் வந்து தட்டுங்க."