குளிக்கிறவளுக்கு ஒரு துண்டு

அஞ்சுகம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது அவளைக் காப்பாட்சியராக ஆக்கினார்கள். அந்த ஊர் அருங்காட்சியகத்தில், தன்னைப் பார்த்துக்கொள்ள யார் வேண்டும் என்று படமே மனு எழுதிக் கேட்டுக்கொள்ளும். இந்தமுறை மனு போட்டது குளத்தில் குளிக்கிற பெண்ணின் படம். காவலாளி தங்கச்சாமி சாவியைக் கொண்டுவந்து முறத்தில் கீரைமேல் வைத்தார்.

“அஞ்சாப்புதாண்ணே படிச்சிருக்கேன்,” என்றாள், முறத்தைப் பார்த்தபடி.

“படத்துக்கும் அவ்வளவுதாம்மா படிப்பு. புள்ளையத் தூக்கிட்டு வா.”

மறுநாள் கைக்குழந்தையோடு போனாள். படம் சுவர் அகலத்துக்கு இருந்தது. குளத்துப் படியில் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. பக்கத்தில் தங்கச்சாமி வேறு நின்றார். அஞ்சுகத்துக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. வாசலில் காய்கறி வண்டி வந்தால் நைட்டிமேல் போட்டுக்கொண்டு ஓடுவாளே, அந்தத் துண்டு பையில் கிடந்தது. எடுத்துப் படத்துக்குள் நீட்டினாள். குளிக்கிறவள் வாங்கிப் போர்த்திக்கொண்டாள்.

ஆறு மாதம் அப்படியே போனது. பிறகு வேறு மூன்று நாடுகளிலிருந்து காப்பாட்சியர்கள் வந்தார்கள். யார் பார்த்துக்கொள்ளும் விதம் படத்துக்குப் பிடிக்கிறதோ, படம் அவரோடு கிளம்பிவிடும். அது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி. அஞ்சுகத்துக்கு முதல்நாளே சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் அவளைப் பார்த்து, ‘சாப்பிட்டியா’ என்று கேட்கிற ஒரே ஆள் குளிக்கிறவள்தான்.

நெட்டையாக இருந்தவர் சொன்னார்: “எங்கள் நாட்டில் படத்தை வருஷத்தில் ஒருநாள்தான் வெளியே எடுப்போம். மற்ற நாளெல்லாம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம்.”

குடை வைத்திருந்த அம்மாள், “நாங்கள் படத்தின் உறவுக்காரர்களிடம் போய், காட்டலாமா என்று கேட்போம். வேண்டாம் என்றால் சுவரை மட்டும் காட்டுவோம்,” என்றார்.

மூன்றாமவர் குள்ளம். “நாங்கள் படத்தின்மேல் அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருப்போம். எழுத்து மூடியதும் வேலை முடிந்தது.”

குளிக்கிறவள் மூன்றுக்கும் தலையாட்டினாள்.

“இங்கே காப்பாட்சியர் என்ன செய்வார்?” என்று நெட்டையானவர் கேட்டார். அவர் கண் துண்டின்மேல் இருந்தது. துண்டின் ஓரத்தில் குழந்தை கக்கிய பால்கறை. அஞ்சுகம் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள்.

“வெக்கமா இருந்திச்சுங்க. போத்திவிட்டேன்.”

“அவருக்கா வெட்கம்?”

“அவுங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான். நான் பாத்துக்கிட்டே நின்னதை தங்கச்சாமி அண்ணன் பாத்துட்டாரு.”

தங்கச்சாமி ஜன்னல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். மூவரும் குறித்துக்கொண்டார்கள்.

குளிக்கிறவள் துண்டை உருவினாள். போச்சு, கிளம்பிட்டா என்று அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டாள். துண்டு சட்டத்துக்கு வெளியே, அவள் காலடியில் சொத்தென்று விழுந்தது.

“ஆறு மாசமா ஈரத்துண்டோட உக்காந்திருக்கேன்டி. காய்ஞ்சது ஒண்ணு குடுப்போம்னு தோணிச்சா உனக்கு?”

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளம்பப்போகிற படம் இப்படிச் சண்டை பிடிக்காது என்பது அவர்கள் தொழிலில் தெரிந்த விஷயம். உங்கள் ஊர் முறையை எழுதி அனுப்புங்கள் என்று ஒரு தாளையும் உறையையும் வைத்துவிட்டு ரயிலுக்குப் போனார்கள். அஞ்சுகத்துக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஈரத்துணி என்ன செய்யும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா?

தாளை மடியில் வைத்து, எழுத்துக் கூட்டி எழுதினாள்: ‘எங்கள் ஊரில் காப்பாட்சியர் என்பவர் படத்தின்’

“அஞ்சுகம், முதுகுக்குக் கை எட்டல. வந்து தேச்சு விடுடி.”

பேனாவை அப்படியே வைத்தாள். குழந்தையைத் தங்கச்சாமியிடம் கொடுத்தாள்.

“கொஞ்சம் திரும்பி நின்னுக்குங்கண்ணே.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சட்டத்தைத் தாண்டிக் குளத்தில் இறங்கினாள். தங்கச்சாமி தாளை எடுத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றபடி படித்தார்.

“இது போதும்மா,” என்றார். நாக்கால் உறையை ஒட்டினார்.