ஐந்தைத் தாண்டினால் மலை

ஒருத்தன் பெரிய டயர் போட்டால் போதும், போடி ஜீப்பு ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேருக்கும் கை அரிக்கும். என் வீட்டுக்காரர் பாண்டியராஜன் மட்டும் விதிவிலக்கா என்ன? எஸ்டேட் பாதையில் பாறை அடியில் தட்டாது என்று சொல்லி, தன் பழைய ஜீப்புக்கு இடுப்புயர டயர்களை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். டயர் பெரிதானால் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரமும் மாற வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. போடிமெட்டு வளைவுகளில் வண்டி இழுக்க முடியாமல் மூச்சு வாங்கியது, கிளட்ச் கருகியது. அதற்கப்புறம்தான் மெக்கானிக் தானியேல் அண்ணன் ஞாபகம் வந்தது.

நானும் கூடப் போனேன். வண்டி மேல் உள்ள அக்கறையில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலையாட்களையும் ஏலக்காயையும் ஏற்றி இறக்குகிறார். தங்குவதும் அங்கேதான். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி, ஞாயிறு மத்தியானம் ஏறிவிடுவார். நான் இங்கே ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரித்துவிட்டு, வெறும் வீட்டுக்குத் திரும்புவேன். சோறு போட்டால் மலையாளத்தில் "மதி" என்று கை காட்டுகிறார். போதும் என்ற வார்த்தையைக்கூட அந்த மலை வாங்கிக்கொண்டுவிட்டது. எனக்கு அவர் தினமும் வேண்டும், அவ்வளவுதான்.

தானியேல் அண்ணன் பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கினார். உள்ளே என்ன பல் இருக்கிறது என்று பார்க்க மெக்கானிக்குகளுக்கு ஒரு வழி உண்டு. அடியில் ஓடும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு பக்கச் சக்கரத்தை அவரும் மறுபக்கத்தை நானும் சேர்ந்து ஒரே ஒரு சுற்று சுற்றினோம். இவர் அடியில் படுத்து, கோடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார்.

"நாலேகால்ண்ணே."

"இந்த டயருக்கு அது பத்தவே பத்தாது," என்ற தானியேல் அண்ணன் சாக்கில் சுற்றிய இரண்டு விதப் பல்சக்கர ஜோடிகளைக் கொண்டுவந்து வைத்தார். "இதுல கோடு அஞ்சைத் தொடாது. தார்ரோட்டுக்கு நல்லாருக்கும், தேனிக்கும் மதுரைக்கும் தாராளமா லோடு அடிக்கலாம். எஸ்டேட்டுச் சேத்துல ஆள் ஏத்திட்டு ஏற முடியாது. இது அஞ்சைத் தாண்டும். எந்தச் சரிவுலயும் ஏறும். ஆனா சமதரையில கத்தித் தீத்துரும், வேகமே வராது. எங்கிட்டு ஓட்டப்போறன்னு சொல்லு மாப்ளே."

இவர் வெகு நேரம் இரண்டையும் பார்த்தார். "முன்னாடி அதையும் பின்னாடி இதையும் போட்டா என்னண்ணே?"

பாதி எனக்கு, பாதி மலைக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"நாலு சக்கரமும் சேந்து இழுக்குறப்ப ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டி உடைஞ்சுபோகும்," என்றார் தானியேல் அண்ணன். "ரெண்டு அச்சும் ஒண்ணாத்தான் இருக்கணும்."

இவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பானு."

"ரோட்டுக்குள்ளதையே போடுங்கண்ணே," என்றேன். இவர் சரி என்றார்.

அந்த முதல் மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். யார் என்ன சொன்னால் என்ன? ஏலக்காய்க் கடைகளிலிருந்து தேனிக்கு மூட்டை ஏற்றிப் போய்விட்டு, விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். கடையில் கூட வேலை செய்யும் சுந்தரம்மாள், "என்னடி, தெனமும் புதுப்பொண்ணு மாதிரி ஓடுற?" என்று கேலி செய்வாள். நான் ஓடத்தான் செய்தேன்.

பிறகு கவனித்தேன். காபி டம்ளரோடு மாடிக்குப் போய் மேற்கே பார்த்து நிற்பார். "இந்நேரம் மேல மஞ்சு இறங்கியிருக்கும்," என்பார். மூடுபனிக்கும் மலையாள வார்த்தைதான். நான் பேசினால் உம் கொட்டுவார், கேட்டாரா என்று தெரியாது. ஒரு நாள் மத்தியானம் தானியேல் அண்ணன் கடைப் பக்கம் போனேன். இவர் சாக்கை விரித்து உட்கார்ந்து, அந்த மலைப் பல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்க்கவில்லை.

"துருப்பிடிச்சிரும்னு வாராவாரம் வந்துர்றான்," என்றார் தானியேல் அண்ணன் தாழ்ந்த குரலில். "விக்கவும் விடமாட்டேங்குறான், வாங்கவும் மாட்டேங்குறான்."

ஒருத்தியாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்துப்போட்டிருப்பேன். இரும்பை என்ன செய்ய? வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் தோள் இடிக்கிற மாதிரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கோ அவரைப் பார்க்க வேண்டும் போல ஏக்கமாக இருந்தது. சனிக்கிழமை வந்த ஆள் முழுசாக வந்தார். மழை, அட்டை, சேட்டன்மார் சண்டை என்று அவர் சொல்லும் கதை தீராது. தினமும் வருகிற இந்த ஆள் இன்னும் வந்து சேரவே இல்லை.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணே, மலைக்குள்ளதையே மாட்டுங்க."

"பானு," என்றார் இவர். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா சொல்ல மாட்டேன். வெரசா மாட்டச் சொல்லுங்க."

இரண்டு அச்சிலும் மாட்டி முடித்ததும் எண்ணிப் பார்க்க நானே அடியில் படுத்தேன். அவர்கள் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார்கள். சாக்பீஸ் கோடு என் முகத்துக்கு மேலே வந்து வந்து போனது. மூன்று, நான்கு, ஐந்து. நிற்காதா என்று பார்த்தேன். தாண்டிப் போய் நின்றது.

"என்ன பானு வருது?"

"மலைதான்," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரச் சற்று நேரம் ஆனது.

இப்போது மறுபடியும் சனிக்கிழமைதான். எங்கள் வீடு போடிக்கு மேற்கே, மலையடிவாரத்து முந்தலிலிருந்து வரும் நேர்ரோட்டில். மற்ற ஜீப்புகள் சர்ரென்று போய்விடும். இவர் வண்டிச் சத்தம் மட்டும் தனியாகத் தெரியும். பறந்து வருகிற மாதிரி அப்படிக் கத்தும், ஆனால் மெதுவாகத்தான் வரும். கேட்டதும் உலை வைக்கிறேன், அரிசி களைகிறேன், தலையை வாரிக்கொள்கிறேன், வாசலுக்கு வருகிறேன். இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். சத்தம் நெருங்க நெருங்க, நான் கதவைப் பிடித்தபடி அங்கேயே நிற்கிறேன்.