நான்காம் தடத்துத் தண்ணீர்

பல்கலைக்கழக அணி விமானம் ஏறிய செவ்வாய்க்கிழமை காலை, நீச்சல்குளத்தின் நான்காம் தடத்துத் தண்ணீர் மட்டும் குளத்தை விட்டுக் கிளம்பி, கடைத்தெரு வழியாக வந்து, கெண்டையின் வீட்டு வாசலில் நின்றது. வழியில் யாரையும் நனைக்கவில்லை. லாண்டரிக்காரர் காயப்போட்டிருந்த படுக்கைவிரிப்புகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். ஓர் ஆள் உயரம், ஒரு தடத்தின் அகலம், ஐம்பது மீட்டர் நீளம். சுவரும் இல்லை, தொட்டியும் இல்லை. குளோரின் வாசனையோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி தெருவோரமாக நின்றது. கெண்டையின் அம்மா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுபவர். வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "உன்னைத் தேடித்தான் வந்திருக்கு போல, என்னன்னு பாரு," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டதால் போய்விட்டார்.

கெண்டை என்பது குளத்தில் கிடைத்த பெயர். நீந்தி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவாள். அதைப் பார்த்து சோடாபுட்டி வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சோடாபுட்டி ஐந்தாம் தடத்துக்காரி. கண்ணாடி இல்லாவிட்டால் கரையில் ஏணி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கெண்டைதான் கையைப் பிடித்து உடைமாற்றும் அறைவரை கூட்டிப்போவாள். கல்லூரிக் காலம் முழுக்கப் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் நீந்தி, ஒரே துண்டில் தலை துவட்டினார்கள். பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு ஆள் அனுப்பத் தொடங்கியதும் அந்த வருடங்களில்தான். முதல் தடவை ஈட்டி எறிகிறவன் ஒருவனும் பயிற்சியாளரும் போனார்கள். அடுத்த தடவை துணைவேந்தரும் போனார். அதற்கடுத்த தடவை அவர் மனைவி, உணவு ஆலோசகர் என்ற பொறுப்பில். நமது அணி வளர்ந்துகொண்டே வருகிறது என்று துணைவேந்தர் ஆண்டுவிழாவில் பேசியதில் பொய்யில்லை. நீச்சலுக்கு மிஞ்சியது ஒரே இடம். அது கெண்டைக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அவளுடைய வலது தோளில், கையை முழுக்கச் சுழற்றும்போது, சொடக்குப் போடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வலி கிடையாது. வேகமும் குறையவில்லை. அதை அவள் சொன்னது ஒருத்தியிடம்தான். தேர்வுக்குழு கூடிய வாரத்தில் பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் விசிலைத் திருகிக்கொண்டே, "தோளு சரியில்லையாமே. அங்க போய்ப் பாதியில நின்னுட்டா அசிங்கம்மா. இந்தத் தடவை அந்த அஞ்சாம் தடத்துப் பொண்ணு போகட்டும்," என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்கு, "யாரு சொன்னா என்ன," என்றார். கெண்டை நேராக உடைமாற்றும் அறைக்குப் போய், "யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கடி," என்று அழுதாள். சோடாபுட்டி அவள் முதுகைத் தடவி, "விடுடி, அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்று துண்டை நீட்டினாள். அந்தத் துண்டில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு, சத்தம் வேறு யார் காதிலாவது விழுந்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

தண்ணீர் வந்த அன்று, உடுத்தியிருந்த துணியோடு அதில் இறங்கி லாண்டரிவரை நீந்திப்போய்த் திரும்பினாள். குளத்திலோ, நான்காம் தடம் இருந்த இடத்தில் வெறும் தரை ஓடு தெரிந்தது. இருபுறத்துத் தண்ணீரும் அந்த இடத்தை நிரப்ப மறுத்து அப்படியே நின்றது. பராமரிப்பில் உள்ளது என்று ஒரு பலகை வைத்தார்கள். வெளிநாட்டில் சோடாபுட்டி இறுதிச்சுற்றுக்குப் போய் ஏழாவதாக வந்தாள். பல்கலைக்கழகத்துக்கு அதுதான் முதல் இறுதிச்சுற்று. மேடை போட்டு வரவேற்றார்கள்.

ஊர் திரும்பிய வாரமே அணியின் மேல்சட்டையோடு சோடாபுட்டி அந்தத் தெருவுக்கு வந்தாள். கெண்டை தண்ணீருக்குள் இருந்தாள்.

"என் தோளைப் பத்தி அவங்களாக் கூப்பிட்டுக் கேட்டாங்களா?" என்றாள்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"யாரும் கேக்கல. நானாத்தான் போய்ச் சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லலையே. சத்தம் வந்துச்சுல்ல," என்றாள்.

"வந்துச்சு. உன்கிட்டதானே சொன்னேன்."

சோடாபுட்டி தண்ணீருக்குள் கையை விட்டாள். விரல்களைச் சுற்றித் தண்ணீர் விலகிக்கொண்டது. எடுத்தபோது கை உலர்ந்தே இருந்தது. கெண்டைக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, அதற்குமேல் இல்லை. "கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் போ. அங்க பள்ளம் இருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி நீந்தினாள். அவர்கள் பேசியது அதுதான் கடைசி.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை, படிப்பு முடிந்துவிட்டது. கெண்டை அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். அணி இன்னும் வளர்ந்தது, சோடாபுட்டி பயிற்சியாளரானாள், அவள் தயார்செய்த பெண்கள் பதக்கங்கள் கொண்டுவந்தார்கள். தண்ணீரைத் திரும்ப எடுத்துப்போக லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சியது, காற்றுதான் வந்தது. பிறகு அந்தப் போட்டியே பல்கலைக்கழகத்துக்கு வந்தது. சர்வதேசச் சங்கத்தினர் வெறும் தடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏழு தடத்தில் நடத்தலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஊரே பார்க்கப் போனது. கெண்டை அன்றைக்கும் வேலைக்குப் போனாள்.

அதே வருடம் தெருவை அகலப்படுத்த நகராட்சிப் பொறியாளர் வந்தார். தண்ணீரைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். "எங்க பொண்ணோடது," என்றார் அம்மா. நகர்த்த முடியுமா என்றார். முடியாது என்று லாண்டரிக்காரர் சொன்னார். பொறியாளர் தலையாட்டிவிட்டு, வரைபடத்தில் சாலையை அந்த இடத்தில் சற்று வளைத்தார். இப்போது பஸ்கள் அங்கே வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் போகின்றன.